குட்டி காரின் பழைய பெயின்ட்டை உரிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்... இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க!

ஓசூரில் வண்டி வாசம் இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரி ஆலையைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ் 50 மொபெட்டும் ஓசூரில் இருந்து ரோட்டுக்கு வந்தது. இப்போது அந்த வரிசையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. சிப்காட், சிட்கோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் டை காஸ்டிங், பவுடர் கோட்டிங், பெயின்ட் ஷாப் போர்டுகள். இந்த ஊரில் அப்பா காஸ்டிங் பிரிவில் இருப்பார், சித்தப்பா பெயின்ட் பூத்தில் இருப்பார், மாமா ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் லேத் பட்டறை வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட வீடுகளின் ஷோகேஸில் குட்டி கார்கள் நிற்பதில் ஆச்சர்யம் என்ன? அப்பா சின்ன வயதில் உருட்டி விளையாடிய கார், பெயின்ட் உரிந்து, பம்பர் கறுத்து, ஒரு டயர் கழன்று கிடக்கும். லீவு நாளில் யாருக்காவது ஆசை வரும். 'இதைச் சுத்தமா உரிச்சுட்டு புதுசா பெயின்ட் அடிச்சா எப்படி இருக்கும்?'

அருமையாக இருக்கும். செலவும் குறைவு. ஆனால், அந்தக் கையகல காருக்குள் ஒரு உலோகம், ஒரு பிளாஸ்டிக், ஒரு பழைய பெயின்ட் என மூன்று பொருள்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றுக்கு ஒத்துப்போகும் திரவம் இன்னொன்றைக் கரைத்துவிடும். சில திரவங்கள் உங்கள் நுரையீரலையும் விட்டுவைக்காது. இந்த வார 'கைவேலை'யில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில், அது என்ன உலோகம்?

கையில் எடுத்தால் கனமாக இருப்பதால் பலரும் இரும்பு என்று நினைக்கிறார்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. (அச்சில் இருக்கும் ஆக்ஸில் கம்பி மட்டும் ஒட்டலாம்.) அது துத்தநாகக் கலவை. ஜமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், தாமிரம் ஆகிய நான்கின் ஜெர்மன் பெயர்களில் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கியது. சுமார் 4 சதவிகிதம் அலுமினியம், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட துத்தநாகம்தான். ஏறக்குறைய 380 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி, கதவுக் கைப்பிடி வரை நுணுக்கமாக வார்த்து எடுக்க முடிகிறது. நம்மூர் யூனிட்டுகளில் வண்டி பாகங்களை அலுமினியத்தில் வார்க்கிறார்களே, அதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த பிரிட்டனின் லெஸ்னி கம்பெனி 1947-ல் தொடங்கியது. அமெரிக்க மேட்டல் கம்பெனியின் ஹாட்வீல்ஸ் 1968-ல் வந்தது. நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. லிவர்பூலில் செய்யப்பட்ட டிங்கி கார்களின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களாகப் பிறந்தன. பிறகு 'லியோ' பெயரோடு ஹாட்வீல்ஸ் இந்தியாவிலேயே தயாரானது. இப்போது 35, 40 வயதில் இருக்கும் அப்பாக்கள் பலரின் முதல் ஹாட்வீல்ஸ் அதுதான். உங்கள் காரைத் திருப்பி அடிப்பாகத்தைப் படித்துப் பாருங்கள்.

உரிக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏனென்றால், உரித்த பெயின்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

சேகரிப்பாளர்கள் நடுவில் ஒரிஜினல் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு. அங்கங்கே அடிபட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுபடி பெயின்ட் அடித்த கார் எவ்வளவு பளபளத்தாலும் விலை இறங்கும். அதனால் அபூர்வமான மாடல், பழைய நிக்கி, பெட்டியோடு இருக்கும் கார் என்றால் மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து அப்படியே வையுங்கள். பிற்காலத்தில் விற்பதாக இருந்தால், 'இது மறுபடி பெயின்ட் அடித்தது' என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பாடியில் மெல்லிய வெடிப்புகள், வீக்கம், தொட்டால் உதிரும் ஓரங்கள் தெரிந்தாலும் உரிக்க வேண்டாம். பழைய காலத்து வார்ப்புகளில் துத்தநாகத்தோடு ஈயம் போன்ற அசுத்தங்கள் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, பல ஆண்டுகள் கழித்து ரஸ்க் மாதிரி பொடியும். 'ஜிங்க் பெஸ்ட்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் இது பிரபலமான நோய். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. அந்த மாதிரி காரில் பெயின்ட்தான் உடம்பைப் பிடித்து வைத்திருக்கிறது!

மற்றபடி, ஏற்கெனவே பாதி உரிந்த, எங்கும் கிடைக்கக்கூடிய சாதா கார்தானே? தாராளமாக ஆரம்பிக்கலாம்.

பிளாஸ்டிக் பஸ்ஸா? உள்பக்கம் பாருங்கள்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நம்மூர் மஞ்சள் பஸ்ஸும் கர்நாடகாவின் சிவப்பு பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், பொம்மை பஸ்ஸையும் கலர் மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். கடையில் கிடைக்கும் இந்திய பொம்மை பஸ், லாரி, ஆட்டோக்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். அவற்றைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வெளியே இருக்கும் அதே நிறம் உள்ளேயும் இருந்தால், அது பெயின்ட்டே இல்லை. பிளாஸ்டிக்கின் நிறமே அதுதான். உரிக்க எதுவும் இல்லை. ஸ்டிக்கரை எடுத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் போதும்.

பிளாஸ்டிக் மேல் உண்மையிலேயே பெயின்ட் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் முயன்று பார்க்கலாம். கண்ணாடி மாதிரி இருக்கும் ஜன்னல் பாகங்களை முதலில் கழற்றிவிடுங்கள், அவை விரிசல் விடலாம். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிளாஸ்டிக் பக்கமே வரக் கூடாது. பஸ் உருகி அல்வா ஆகிவிடும்.

மூன்று மொழி... ஒரே 'தின்னர்'!

ஓசூர் ஹார்டுவேர் கடையில் தமிழில் கேட்டாலும், தெலுங்கில் கேட்டாலும், கன்னடத்தில் கேட்டாலும் 'தின்னர்' என்றால் புரியும். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு பெயரில் பல திரவங்கள் இருக்கின்றன. எனாமல் பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன் வகை, காய்ந்துபோன பெயின்ட்டைப் பெரிதாக அசைக்காது. என்.சி தின்னர் வேகமானது, அதில் டொலுயின் போன்றவை கலந்திருக்கும். பி.யு தின்னர் வேறு ரகம். எனவே பெயரை மட்டும் கேட்காமல் டப்பாவின் லேபிளைப் படியுங்கள்.

குட்டி கார்களுக்குப் பலரும் பயன்படுத்துவது அசிட்டோன். உலோகத்தை அது எதுவும் செய்யாது. பெயின்ட் மெதுவாக இளகிச் சுருங்கி, தோல் மாதிரி கழன்று வரும். இப்போது வரும் கார்களின் பெயின்ட் சூட்டில் காய்ச்சி இறுக்கப்பட்டது என்பதால் சில மணி நேரமோ, ஒரு ராத்திரியோ ஊற வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது ஜெல் வடிவ 'பெயின்ட் ரிமூவர்'. தடவினால் பத்தே நிமிடத்தில் பெயின்ட் கொப்பளித்து எழும். பார்க்க மேஜிக் மாதிரி இருக்கும். ஆனால், லேபிளில் 'மெத்திலீன் குளோரைடு' அல்லது 'டைகுளோரோமீத்தேன்' என்று இருந்தால் திரும்ப ஷெல்ஃபிலேயே வைத்துவிடுங்கள். அந்த ஆவியை சுவாசித்தால், உடம்பு அதைக் கார்பன் மோனாக்ஸைடாக மாற்றுகிறது. அமெரிக்காவில் காற்றோட்டம் இல்லாத பாத்ரூம்களில் இதை வைத்து பெயின்ட் உரித்த தொழிலாளர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். அங்கே 2019-ல் வீட்டு உபயோகத்துக்கான இந்த வகை ரிமூவரைத் தடை செய்தார்கள். 2024-ல் தடையை இன்னும் விரிவாக்கினார்கள். முகத்தில் கட்டும் துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்கவே தடுக்காது.

'கம்பெனியில இருந்து கொஞ்சம் கொண்டு வந்தேன்'

நம்மூருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பெயின்ட் ஷாப்களில் பாகங்களை மாட்டித் தொங்கவிடும் இரும்புக் கொக்கிகளில் பெயின்ட் படிந்துகொண்டே போகும். அதை எடுக்க, சூடான காஸ்டிக் சோடா தொட்டியில் போடும் வழக்கம் உண்டு. 'இரும்புல அவ்வளவு கெட்டியான பெயின்ட்டே போகுது, இந்தக் குட்டி கார் எம்மாத்திரம்' என்று ஒரு வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வரத் தோன்றும்.

இரண்டு காரணங்களுக்காக அது வேண்டவே வேண்டாம். ஒன்று, காஸ்டிக் சோடா இரும்பை விட்டுவிடும். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் விடாது. பெயின்ட்டோடு சேர்த்து காரையே தின்னும். கூடவே எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். இரண்டு, அந்த பாட்டில். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தண்ணீர் பாட்டிலில் இருக்கும் எதையும் குழந்தை தண்ணீர் என்றுதான் நினைக்கும். தின்னர், அசிட்டோனுக்கும் இதே விதிதான்: வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும், உயரமான இடத்தில் இருக்கட்டும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது மறுபடியும் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் அதே நம்பர்தான். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் போங்கள்.

பழைய பெயின்ட்டில் இருக்கும் ஈயம்

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக்காக முன்பெல்லாம் பெயின்ட்டில் ஈயம் கலந்த நிறமிகளைச் சேர்த்தார்கள். வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். அப்படியென்றால் அப்பா விளையாடிய காரின் பெயின்ட்டுக்கு இந்த விதிகள் எதுவும் இருந்ததில்லை.

ஈயத்தில் 'இந்த அளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் பாதிக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் காரைக் கொடுத்தால் முதலில் வாய்க்குத்தானே போகும்? பெயின்ட் உதிரும் பழைய கார் ஷோகேஸில் இருக்கட்டும், குழந்தையின் கைக்கு வேண்டாம். உரித்துப் புதிதாக பெயின்ட் அடித்த காரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை.

இதனாலேயே பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தூசு வீடு முழுக்கப் பறக்கும். கேஸ் அடுப்பில் காட்டி எரிப்பதும் கூடாது. புகையோடு ஈயமும் வரும், 380 டிகிரியில் உருகும் காரும் அடுப்பிலேயே வழிந்துவிடும்.

சரி, எப்படிச் செய்வது?

1. பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் போனில் போட்டோ எடுங்கள். திரும்பப் பூட்டும்போது உதவும்.

2. அடிப்பாகத்தில் காளான் தலை மாதிரி ஒன்றிரண்டு ரிவெட்டுகள் தெரியும். நடுவில் சின்னப் புள்ளி குத்தி, முதலில் சிறிய பிட், பிறகு 3 மி.மீ பிட் வைத்து மெதுவாக டிரில் போடுங்கள். தலை மட்டும் போனால் போதும், முழுத் தண்டையும் துளைக்க வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

3. ஜன்னல், சீட், சக்கரம், பிளாஸ்டிக் பம்பர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

4. வேலை செய்யும் இடம் மொட்டை மாடி அல்லது திறந்த வாசல். ஒற்றை அறை வாடகை வீட்டுக்குள் வேண்டாம். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் பூஜை விளக்கையோ, அடுப்பையோ, ஊதுவத்தியையோ தொட்டால் தீ அங்கிருந்து பாட்டிலுக்குத் திரும்பி வரும்.

5. இரும்பு மூடி போட்ட கண்ணாடி ஊறுகாய் பாட்டில் இதற்குச் சரியாக இருக்கும். மேலே 'விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள். அந்த பாட்டில் இனிமேல் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் கரைந்துவிடும்.

6. உலோக பாடியை மட்டும் உள்ளே போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இடுக்கியால் வெளியே எடுத்து, ஈரம் காய்வதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மெல்லிய நீல கிளவுஸ் அசிட்டோனுக்கு ரொம்ப நேரம் தாங்காது, நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

7. மூலைகளில் மிச்சம் இருந்தால் மறுபடி ஊற வையுங்கள். கத்தியால் சுரண்டினால் கோடு விழும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும்.

புது பெயின்ட் ஏன் உரிகிறது?

நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆசையாக அடித்த எனாமல் பெயின்ட் சில மாதங்களில் பாளம் பாளமாகக் கழன்று வரும். சிட்கோ பக்கம் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இதற்குச் சொல்லும் விளக்கம் சுருக்கமானது. "தம்பி, பெயின்ட் நிக்கிறது பெயின்ட்டால இல்ல, அதுக்கு அடியில இருக்கிறதால!"

சாதாரண எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். சோப்பு மேல் எது நிற்கும்? ஜி.ஐ தகரத்தில் அடித்த எனாமல் உரிந்து தொங்குவதும் இதனால்தான். அதனால் உரித்த காரில் கை ரேகை படாமல் பிடித்து, அன்றைக்கே 'எட்ச் பிரைமர்' அடித்துவிடுங்கள். வண்டி பெயின்ட் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தாமதித்தால் பளபளத்த துத்தநாகம் காற்றுப் பட்டு மங்கி, ஈரம் பட்ட இடங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். பிரைமர் காய்ந்ததும் ஸ்பிரே பெயின்ட்டை மெல்லிய இரண்டு மூன்று கோட்டாக அடியுங்கள். ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் கதவுக் கோடு, கிரில் எல்லாம் மூடிப்போகும்.

மிச்சத்தை எங்கே கொட்டுவது?

சாக்கடையில் மட்டும் வேண்டாம். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையாறு நுரை தள்ளி வரும் வீடியோக்களை ஆண்டுதோறும் பார்த்துக் கோபப்படுகிறோம். மேலே இருப்பவர்கள் கொட்டியது நமக்கு வருகிறது என்றால், நாம் கொட்டுவது நமக்குக் கீழே கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்குப் போகும்.

பாட்டிலை ஒரு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மெதுவாக வடித்து மூடி வைத்தால் அடுத்த காருக்கு ஆகும். கசடைப் பழைய டப்பாவில் போட்டு இறுக மூடி, மற்ற குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் 'இது பெயின்ட் கழிவு' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவாகத் தனியே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன. அவர் வெறுங்கையால் அந்த மூட்டையைப் பிரிப்பார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் தயாரானதும் அடிப்பாகத்தில், யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில், பழைய பெயின்ட்டை ஒரு பொட்டு அளவுக்கு விட்டுவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. எனக்குப் பிடித்த வழக்கம் அது. உங்கள் பிள்ளை பெரியவனாகி அதைத் திருப்பிப் பார்க்கும்போது, தாத்தா வாங்கிக் கொடுத்த கார் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்வான்.

அடுத்த வாரம்: கழன்றுபோன டயருக்கு மாற்று டயர் வீட்டிலேயே செய்வது எப்படி?